விசில் வராத வண்டி

ஜூன் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

பூச்சி எழுதுகிறேன். இங்கே நான் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணிக்கு முதுகுவலி குறைந்ததா? அன்று நீங்கள் பஸ் ஏறிப் போன பிறகு விடுதி வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். வண்டியும் பக்கத்தில் நின்றது. அடுத்து என்ன செய்வதென்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

அறை மாடியில். ஒரு கட்டில், ஒரு மேசை, சரியாக மூடாத ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் கீழே நம் வண்டியின் கூரை தெரிகிறது. எழுந்ததும் முதலில் அது இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

தண்ணீர் பரிசோதனைக் கூடம் என்றதும் வெள்ளைக் கோட்டு, மைக்ரோஸ்கோப் என்றெல்லாம் கற்பனை செய்திருந்தேன். நம் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் இல்லையா, கோட்டுக்குக் கூட ஆசைப்பட்டேன். பயிற்சிக் காலம் முடியும்வரை எனக்கு மாதிரி எடுக்கும் வேலைதான். காலையில் ஐஸ் பெட்டியையும் பாட்டில்களையும் ஏற்றிக்கொண்டு நீரேற்று நிலையம், மேல்நிலைத் தொட்டிகள், கடைசியில் மலைமேல் உள்ள அணை என்று சுற்றித் தண்ணீர் பிடித்து, ஐஸ் கரைவதற்குள் கூடத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். தாமதமானால் மாதிரி செல்லாது. மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "சொந்த வண்டி இருக்குன்னு எழுதிக் குடுத்ததாலதான்மா உன்னை எடுத்தோம். வண்டி நின்னா வேலையும் நின்ன மாதிரிதான்." வருஷக் கடைசியில்தான் நிரந்தரம் செய்வார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்று தெரியும். அதனால் இப்போது என் படிப்பு, வேலை எல்லாம் உங்கள் டர்போ கையில் இருக்கிறது.

ஆனால் வழியில் நீங்கள் நடத்திய பாடம் பாதி மறந்துவிட்டது. வழியெல்லாம் நீங்கள்தான் பேசினீர்கள். அதுவும் என் பக்கம் திரும்பித் திரும்பி. "ரோட்டைப் பாருங்கண்ணா, என்னைப் பாக்காதீங்க" என்று எத்தனை தடவை கத்தினேன்! சிரித்துக்கொண்டே மறுபடியும் திரும்பினீர்கள். பயத்தில் பாடம் எங்கே மனசில் நிற்கும்? 'உடனே அணைக்காதே' என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. எப்போது அணைக்கலாம் என்று சொன்னீர்களா?

இன்னொன்று. ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் மெலிதாக ஒரு விசில் வந்துகொண்டே இருந்ததே, அது டர்போவின் குரல்தானே? நீங்கள் ஒன்றும் சொல்லாததால் நானும் கேட்கவில்லை.

டிக்கியில் உங்கள் நீள ஸ்க்ரூட்ரைவர் கிடக்கிறது. ஒரு நுனியை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்து நோய் பார்ப்பீர்களே, அதுதான். அது இல்லாமல் பட்டறையில் உங்களை யார் டாக்டர் என்று கூப்பிடுவார்கள்? பார்சலில் அனுப்பட்டுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
பூச்சி

*

ஜூன் 20

அன்பு வாயில்லாப்பூச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் இருவரும் நலம். வீட்டில் வாயே திறக்காதவள் இவ்வளவு எழுதுகிறாயே என்று அண்ணிக்கு ஆச்சரியம்.

பாடத்தை மறுபடி சொல்கிறேன், ஒழுங்காகப் படி. டர்போ என்பது ஒரு சின்னக் காற்றாடி. எஞ்சின் வெளியே விடும் சூடான புகை அதைச் சுற்றிவிடும். சுற்றுகிற வேகத்தில் அது வெளிக் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். அதனால்தான் சின்ன எஞ்சினுக்கு இவ்வளவு பலம். அது பம்பரம் மாதிரி சுற்றுவது ஆயில் மேலே. ஆயில் இல்லாவிட்டால் காய்ந்து கருகிவிடும்.

அதனால் காலையில் ஸ்டார்ட் செய்த உடனே உறுமவிடாதே. ஆயில் மேலே ஏறட்டும். முதல் கொஞ்ச தூரம் மெதுவாகப் போ. மலை ஏறி வந்ததும் சாவியைத் திருப்பிவிடாதே. காற்றாடி நெருப்பாகச் சுற்றிக்கொண்டிருக்கும். எஞ்சின் நின்றால் ஆயிலும் நின்றுவிடும். ஓடி வந்தவனை உடனே படுக்க வைப்போமா? கொஞ்சம் மூச்சு வாங்கவிட்டு அப்புறம் அணை. ஆயிலை மற்ற வண்டிகளை விடச் சீக்கிரம் மாற்ற வேண்டும். கறுத்த பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடாதே. காற்று வடிகட்டியில் தூசி சேரவிடாதே. இவ்வளவுதான் டர்போ. இதற்கு டிகிரி வேண்டாம்.

ஸ்க்ரூட்ரைவர் அங்கேயே இருக்கட்டும். எனக்கு இப்போது வேண்டியதில்லை.

பட்டறைக்குப் போன் செய்யாதே. இங்கே ஒரே இரைச்சல். நீ பேசுகிற குரலுக்கு ஒன்றும் விளங்காது. எழுது. படித்த பெண்ணின் எழுத்தைப் படிக்க நன்றாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

*

ஜூலை 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

நீங்கள் சொன்னபடி அணையிலிருந்து இறங்கி வந்ததும் எஞ்சினை அணைக்காமல் வண்டியிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். சும்மா உட்காருவானேன் என்று மடியில் அட்டையை வைத்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். போன வாரம் ஒரு நாளும் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கூடத்தின் காவல்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"ஏம்மா, வண்டி ஓடிட்டே இருக்கு. அணைக்கத் தெரியலையா?"

"மூச்சு வாங்குதுங்க."

"யாருக்கு, உனக்கா?"

"வண்டிக்கு."

அவர் என்னையும் வண்டியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போனார். இப்போது தினமும் நான் வந்ததும் "மூச்சு வந்துடுச்சா?" என்று கேட்கிறார். கேலியா, அக்கறையா என்று புரியவில்லை.

எவ்வளவு நேரம் என்று நீங்கள் எழுதவே இல்லை. விடுதிப் பொறுப்பாளர் அக்கா, சும்மா ஓடவிட்டால் எஞ்சினுக்குள் கரி பிடிக்கும் என்கிறார். நீங்கள், உடனே அணைத்தால் கருகிவிடும் என்கிறீர்கள். அணைத்தாலும் கரி, அணைக்காவிட்டாலும் கரி. நான் என்ன செய்வது?

கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் வேண்டாம் என்றும் ஒரு தடவை பட்டறைக்குப் போன் செய்தேன். ஆயிலில் எதை வாங்குவது என்று கடைக்காரர் குழப்பிவிட்டார். யாரோ எடுத்து "டாக்டரா? அவர் வெளிய போயிருக்காரும்மா" என்றார்கள். ஆனால் பின்னால் நீங்கள் இருமியது கேட்டது. உங்கள் இருமல் எனக்குத் தெரியாதா? வேறு யாராவது அதே மாதிரி இருமுகிறார்களா?

விசிலைப் பற்றி நீங்கள் எழுத மறந்துவிட்டீர்கள். அது இருக்க வேண்டியதுதானே? முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கேட்கிறது போல் இருக்கிறது. பழகப் பழக அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

அண்ணிக்கு என் அன்பு.

பூச்சி

*

ஜூலை 19

அன்பு பூச்சிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

மூச்சு வாங்கவிடு என்றால் மகாகாவியம் எழுதச் சொல்லவில்லை. அழுத்தி ஓட்டி வந்தால் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். மெதுவாக வந்தால் அதுவும் வேண்டாம். கடைசிக் கொஞ்ச தூரத்தை நிதானமாக ஓட்டி வந்தாலே போதும். இனிமேல் கடிதத்தை அறையில் உட்கார்ந்து எழுது. ஆயில் டப்பாவின் மேல் என்ன போட்டிருக்க வேண்டும் என்று தனிச் சீட்டில் எழுதியிருக்கிறேன், அதைக் கடைக்காரரிடம் காட்டு.

விசிலா? நம் வண்டியில் விசில் வராது. அந்த எஞ்சினை இறக்கிப் பிரித்துக் கட்டியவன் நான். ஒவ்வொரு கிளாம்பும் என் கையால் முறுக்கியது. ஜன்னல் ரப்பர் ஓரத்தில் காற்று நுழைகிற சத்தமாக இருக்கும். கண்ணாடியை நன்றாக ஏற்றிவிட்டு ஓட்டு.

என்னை ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள். சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. உட்கார்ந்த வேலை, நிழலான இடம். கையில் கிரீஸ் இல்லை. உன் அண்ணிக்குத் துணி துவைக்கிற வேலை மிச்சம்.

அண்ணன்

[ஓரத்தில் வேறு கையெழுத்தில்] அவர் நன்றாகத்தான் இருக்கிறார், கவலைப்படாதே. ஆனால் போன் மட்டும் செய்யாதேம்மா. - அண்ணி

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஜலதோஷம் வந்து போய்விட்டது. அங்கே எல்லாரும் சுகமா?

உங்கள் கடிதத்தை மூன்று நான்கு தடவை படித்தேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது.

முதலில் விசில். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தேன், வந்தது. ரப்பர் ஓரமெல்லாம் துணி திணித்துப் பார்த்தேன், அப்போதும் வந்தது. விடுதி அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து மலைப்பாதையில் கொஞ்ச தூரம் போனேன். "அக்கா, ஏதாவது கேக்குதா?" என்றேன். "யாரோ கெட்டில் வெச்சுட்டு மறந்துட்டாங்க பாரு" என்றார், கண்ணை மூடிக்கொண்டே. காட்டுக்கு நடுவில் யார் கெட்டில் வைப்பார்கள்? வண்டி முன்னைப்போல் இழுக்கவும் இல்லை. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போகிறார்கள்.

அடுத்தது ஸ்டோர். "எஞ்சின் வேலை தெரியாதவனுக்குத்தான் ஸ்டோர்" என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? முதலாளி ஒருமுறை மேனேஜர் வேலை தருகிறேன் என்றபோதே "பானெட்டைத் திறக்காத வேலை எனக்கு வேண்டாம்" என்று வந்தவர் நீங்கள். இப்போது நிழலான இடம் என்று சந்தோஷமாக எழுதுகிறீர்கள். அண்ணி வேறு 'நன்றாகத்தான் இருக்கிறார்' என்று எழுதுகிறார். நான் கேட்கவே இல்லாதபோது எதற்காக அப்படி எழுத வேண்டும்? முதலாளியோடு சண்டையா? உடம்புக்கு ஏதாவதா? என்னிடம் சொன்னால் என்ன?

வண்டிக்கு என்ன செய்வதென்று மட்டுமாவது உடனே எழுதுங்கள்.

பூச்சி

*

ஆகஸ்ட் 25

பூச்சிக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் தாமதம்.

மலையில் இழுக்கவில்லை என்றால் நீ கியரை இறக்காமல் ஓட்டுகிறாய் என்று அர்த்தம். கியரை இறக்கி ஓட்டு. வடிகட்டியைக் கழற்றித் தட்டிப் போடு. விசில் எல்லாம் ஒன்றும் இல்லை. நான் கட்டிய எஞ்சின் எனக்குத் தெரியாதா?

ஸ்டோரில் சௌகரியமாக இருக்கிறேன். நீ உன் வேலையைப் பார்.

அண்ணன்

*

செப்டம்பர் 3

அண்ணனுக்கு,

உடம்பெல்லாம் நலம்தான். மனசு சரியில்லை.

நேற்று அணையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். இறங்குகிற பாதையில் நடுவே ஒரு மேடு ஏற வேண்டும், அதில் வண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டது. நீங்கள் சொன்ன மாதிரி கியரை இறக்கினேன். விசில் இல்லை இப்போது, சீறல். பின்னால் கறுப்பாகப் புகை. மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்து கூடத்துக்கு வந்தபோது ஐஸ் எல்லாம் தண்ணீராகிவிட்டது. மேலாளர் வெப்பமானியைப் பெட்டிக்குள் விட்டுப் பார்த்தார். பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தொட்டியில் கவிழ்த்தார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வருஷக் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், தெரியுதா?" என்றார் கடைசியில். "தெரியுது சார்" என்றுதான் வாயில் வந்தது. அது தவிர எனக்கு வேறென்ன பேசத் தெரியும்?

இந்த ஊர் மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். எதைக் காட்டினாலும் அவர் "மாத்திடலாம்" என்பதால் அதுதான் அவர் பெயர். பானெட்டைத் திறந்தார்.

"டர்போ போச்சும்மா. மாத்திடலாம்."

"விசில் மட்டும்தாங்க முதல்ல வந்துச்சு."

"எவ்வளவு நாளா?"

"வண்டி என் கைக்கு வந்ததுலேருந்து."

"அப்ப குடுத்தவங்களுக்கே தெரிஞ்சிருக்குமே! விசிலோட குடுத்திருக்காங்க."

அந்தப் பேச்சு என் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. மூன்றாவது வீட்டில் ஒரு ஸ்கூட்டர் கிளம்பினால் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே "செயின் தொங்குது" என்று சொல்கிற ஆள் நீங்கள். அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் ஓட்டி வந்தீர்கள். வழியெல்லாம் விசில் வந்தது. அது உங்களுக்குக் கேட்கவில்லையா? கேட்டும் சொல்லாமல் வண்டியைக் கொடுத்துவிட்டுப் போனீர்களா? இரண்டில் எது என்று எனக்குப் புரியவில்லை. எதை நம்புவது என்றும் தெரியவில்லை.

பதில் எழுதுங்கள்.

தங்கை

*

அக்டோபர் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். ஒரு மாதமாகத் தபால்காரரைப் பார்த்து ஏமாந்துகொண்டிருக்கிறேன். இப்போது அவரே தூரத்திலிருந்து கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

மாத்திடலாம் ஏதோ ஒரு பட்டியை இறுக்கிவிட்டார். விடியலிலேயே கிளம்பி, மெதுவாக ஓட்டி, ஐஸை இரண்டு மடங்கு போட்டு, எப்படியோ சமாளிக்கிறேன். எத்தனை நாள் என்று தெரியாது. மெதுவாக ஓட்டுவதில் ஒரு நன்மை, யோசிக்க நேரம் கிடைக்கிறது. அன்றைய பயணத்தைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன்.

நான் ஏதாவது சொல்லும்போதெல்லாம் நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் பேசாமல் இருந்தபோது ரோட்டை மட்டும்தான் பார்த்தீர்கள். ஒரு சுரங்கப் பாதைக்குள் போனபோது நான் ஏதோ கேட்டேன். இருட்டில் நீங்கள் பதில் சொல்லவே இல்லை. வெளிச்சத்துக்கு வந்ததும் "என்ன?" என்றீர்கள். வழியில் டீ குடித்தபோது கடைக்காரர் முதுகுப்பக்கம் நின்று சர்க்கரை போடவா என்று கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். உள்ளங்கையை எந்நேரமும் கியர் குமிழ் மேலேயே வைத்திருந்தீர்கள், ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி. அப்போது எனக்கு அது பிரியம் என்று தோன்றியது. பிரியமும்தான்.

இதற்கெல்லாம் நீங்கள் பதில் எழுத வேண்டாம். நானும் அந்த வார்த்தையை எழுதப்போவதில்லை. போன மாதம் அப்படி எழுதியவள் உங்கள் தங்கை இல்லை, ஐஸ் கரைந்த பதற்றத்தில் யாரோ எழுதிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். டர்போவை மாற்ற வேண்டுமா, வேண்டாமா? மாத்திடலாம் சொல்வதை நம்ப எனக்கு மனசில்லை. நீங்கள் சொல்லுங்கள். சத்தத்தை நான் எழுதுகிறேன்.

காலையில் குளிர்ந்திருக்கும்போது சத்தம் இல்லை. சும்மா நின்று ஓடும்போதும் இல்லை. மேட்டில் மூன்றாவது கியரில் பாதிக்கு மேல் மிதித்தால் தொடங்குகிறது. முதலில், பல் கூசும்போது வாயால் காற்றை இழுப்போமே, அந்த மாதிரி. இன்னும் மிதித்தால் கெட்டில். காலை எடுத்தால் பட்டென்று நின்றுவிடுகிறது. தேய்ந்து தேய்ந்து நிற்பதில்லை, கதவைச் சாத்தினது மாதிரி நிற்கிறது.

உங்கள் ஸ்க்ரூட்ரைவரையும் எடுத்தேன். தலைமுடியை இறுக்கக் கட்டிக்கொண்டேன், துப்பட்டாவைக் கழற்றி வைத்தேன், விசிறிப் பக்கம் போகவில்லை. விடுதி அக்கா உள்ளே உட்கார்ந்து மிதித்தார், "வெடிச்சிடாதே?" என்று கேட்டுக் கேட்டு. டர்போவின் இரும்பு உடம்பில் நுனியை வைத்தேன். உள்ளே ஒரே சீரான ரீங்காரம், நல்ல பம்பரம் தூங்குவது மாதிரி. உரசல் இல்லை, கரகரப்பு இல்லை. அங்கிருந்து முன்பக்கம் போகிற குழாய் ஓரம் நகர்ந்தபோதுதான் ஸ்க்ரூட்ரைவர் இல்லாமலே 'ஸ்ஸ்' என்றது. சரியாக எந்த இடம் என்று தெரியவில்லை. புகை கறுப்பு, நீலம் இல்லை. வெயிலில் வெள்ளைத் துணி பிடித்துப் பார்த்தேன்.

இவ்வளவுதான் எனக்குக் கேட்டது. போதுமா?

பூச்சி

*

அக்டோபர் 14

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதம் நேற்று வந்தது. ராத்திரியே பதில் எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. காலையில் எழுதுகிறேன்.

போதும். நானே குனிந்து கேட்டிருந்தாலும் இதைவிட ஒன்றும் தெரிந்திருக்காது.

டர்போவை மாற்றாதே. டர்போ கெட்டிருந்தால் உள்ளே கரகரக்கும், ஆயில் எரிந்து புகை நீலமாக வரும். காலை எடுத்தாலும் ஊளை உடனே நிற்காது. உன்னுடையது பட்டென்று நிற்கிறது. அப்படி நின்றால் அது காற்றுக் கசிவு. டர்போ அமுக்கிய காற்று எஞ்சினுக்குப் போய்ச் சேரும் முன் வழியில் ஓடிப்போகிறது. காற்று குறைந்தால் டீசல் முழுசாக எரியாது, அதுதான் கறுப்புப் புகை. எஞ்சினுக்குப் பலம் இல்லை, டர்போ அதை ஈடுகட்ட இன்னும் வெறிபிடித்துச் சுற்றும். இப்படியே விட்டால்தான் அது சாகும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு செய். டர்போவிலிருந்து, அமுக்கிய காற்றை ஆறவைக்கிற முன்பக்கக் குளிர்விப்பானுக்கு ஒரு தடித்த ரப்பர் குழாய் போகும். மேலே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். வளைவின் அடிப்பக்கத்தை விரலால் தடவு. எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருக்கிற இடத்தில் அமுக்கிப் பார், வெடிப்பு வாய் திறக்கும். குழாயை மட்டும் மாற்று. கழற்றும்போதே டர்போவின் காற்றாடியை விரலால் லேசாக அசைத்துப் பார். பக்கவாட்டில் இம்மி ஆடலாம். முன்னும் பின்னும் ஆடக் கூடாது. மாத்திடலாம் பக்கத்தில் நிற்கட்டும், விரல் உன்னுடையதாக இருக்கட்டும்.

இனி நீ பதில் வேண்டாம் என்று சொன்ன விஷயம்.

முதலாளிக்குத் தெரியும், உன் அண்ணிக்குத் தெரியும். சின்னச் சின்னச் சத்தங்கள்தான் முதலில் போயின. வால்வு டிக்கென்று அடிப்பது, பெல்ட் கீச்சென்பது, கீழே விழுந்த திருகு எங்கே உருண்டது என்பது. ஆட்கள் பேசுவது தெரிகிறது, வாயைப் பார்த்தால். போனில் வாய் தெரியாது. அவ்வளவுதான்.

நம் வண்டியில் விசில் வராது என்று எழுதினேனே, அது பொய் இல்லை. எனக்குள் அந்த வண்டி இன்றும் அப்படித்தான் ஓடுகிறது. நீ திரும்பத் திரும்ப விசில் என்று எழுதியபோது உன் மேல்தான் கோபம் வந்தது. உன் செப்டம்பர் கடிதம் வந்த பிறகு பட்டறையில் நின்ற ஒரு வண்டியில் குழாயைக் கழற்றிவிட்டு ஓடவிடச் சொன்னேன். எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்காத வண்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதனால்தான் உனக்குக் கொடுத்தேன். காரணத்தைச் சொன்னால் நீ வாங்கியிருக்க மாட்டாய்.

குழாயைப் பார்த்துவிட்டு எழுது.

அண்ணன்

*

நவம்பர் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சுகம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். போன் செய்யாதே என்று அவர் எழுதியதன் அர்த்தம் இப்போது புரிகிறது என்றும் சொல்லுங்கள்.

வளைவின் அடிப்பக்கம், நீங்கள் சொன்ன இடம். விரல் வைத்ததும் பிசுபிசுத்தது, அமுக்கியதும் வாய் திறந்தது. மாத்திடலாம் குனிந்து பார்த்தார். "பழைய வெடிப்பும்மா. யாரு சொன்னா இங்க பாக்கச் சொல்லி?"

"எங்க அண்ணன்."

"வந்து பாத்தாரா?"

"இல்ல. நான் எழுதினேன், படிச்சுட்டுச் சொன்னாரு."

"சத்தத்தையா?"

"சத்தத்தைத்தான்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப குழாயை மட்டும் மாத்திடலாம்" என்றார். அந்த ஒரு தடவை அவர் சொன்னது சரி. காற்றாடியை நான்தான் அசைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் இம்மி, முன்னும் பின்னும் ஒன்றும் இல்லை. ஆயிலையும் மாற்றியாயிற்று, உங்கள் சீட்டில் எழுதியிருந்ததேதான்.

மறுநாள் அணைக்குப் போனேன். அந்த மேட்டில் வண்டி ஏறியது பாருங்கள்! நான் மிதித்ததுதான் தெரியும், மேடு முடிந்துவிட்டது. விசில் இல்லை. ஒன்றுமே இல்லை. இத்தனை மாதம் கேட்ட சத்தம் திடீரென்று இல்லாமல் போனதும் வண்டி நின்றுவிட்டதோ என்று ஒரு கணம் பயந்துபோனேன். ரோட்டோரம் நிறுத்திக் கியர் குமிழ் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், நீங்கள் வைப்பது மாதிரி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. கை எல்லாம் சொல்கிறது அண்ணா. இவ்வளவு நாளும் எனக்கு அது தெரியவில்லை.

ஐஸ் கட்டி கட்டியாக இருக்கும்போதே கூடத்துக்கு வந்துவிட்டேன். மேலாளர் வெப்பமானியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ம்" என்றார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று வாரம் முழுக்கக் குழம்பினேன். நேற்றுக் கூப்பிட்டு, நிரந்தரம் செய்யச் சொல்லி எழுதி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சந்தோஷமா, இல்லையாம்மா? ஒண்ணும் தெரிய மாட்டேங்குது உன்கிட்ட" என்றார். "சந்தோஷம் சார்" என்றேன். பிறகு நானே ஆச்சரியப்படும்படி இன்னொன்றும் பேசினேன். "சார், இரண்டு நாள் லீவு வேணும். எங்க அண்ணனைக் கூட்டிட்டு வரணும்."

ஆமாம். இங்கே காது பார்க்கிற மருத்துவர் ஒருவர் இருக்கிறார். போய்ப் பார்த்து நேரம் வாங்கிவிட்டேன். முழுசாகத் திரும்பி வரும் என்று அவர் சொல்லவில்லை. காதில் மாட்டுகிற கருவி சிலருக்குக் கைகொடுக்கும், சிலருக்கு இரைச்சல்தான், பார்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். டாக்டரையே டாக்டரிடம் கூட்டிப்போவதா என்று முறைப்பீர்கள். முறைத்துக்கொண்டே கிளம்புங்கள். பட்டறையில் லீவு சொல்லுங்கள். அண்ணியும் வரட்டும், பின் சீட்டில் கால் நீட்டிக்கொள்ளலாம்.

இங்கே வந்ததும் அணைப் பாதைக்குக் கூட்டிப்போய் அந்த மேட்டில் அழுத்தி மிதித்துக் காட்டுகிறேன். விசில் வருகிறதா இல்லையா என்று நான் சொல்கிறேன். விடுதிக்கு வந்து சேர்ந்ததும் வண்டி மூச்சு வாங்கும்வரை இரண்டு பேரும் உள்ளேயே உட்கார்ந்திருப்போம். கேட்க வேண்டியதை எல்லாம் அப்போது முகத்துக்கு நேரே கேளுங்கள், வெளிச்சம் இருக்கும்.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை நம் வீட்டு வாசலில் நிற்பேன். வண்டியை வாங்கிக்கொண்டு நீங்கள் ஓட்ட வேண்டாம், இந்தத் தடவை நான்தான் ஓட்டுவேன். வழியெல்லாம் நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே வரலாம். ரோட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள்
பூச்சி